நெஞ்சு அவருக்கு, படபடப்பு இவருக்கு

நான் எழுந்திருக்கவில்லை.

"சேச்சி, கழிஞ்ஞல்லோ. அடுத்த ஆளை விளிக்கணும்," என்றாள் கதவருகே நின்ற நர்ஸ். முடிந்துவிட்டதே, அடுத்தவரைக் கூப்பிட வேண்டுமே என்கிறாள். என் ஃபைலை என் மடியில் வைத்துவிட்டுக் கதவைப் பாதி திறந்தும் விட்டாள். வெளியே காத்திருந்தவர்களின் இருமல், ஒரு குழந்தையின் சிணுங்கல், சுவர் டிவியில் யாரோ மீன் வறுக்கிற சத்தம், எல்லாம் உள்ளே வந்தன.

"எந்திரிட்டி," என்றார் என் வீட்டுக்காரர் தாணு, உதடு அசையாமல்.

நான் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். எதிரே இருந்தவர் நெஞ்சு நோய் நிபுணர். ஊரில் பெரிய பெயர். கம்ப்யூட்டரில் அடுத்த நோயாளியின் விவரத்தைத் திறந்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை நான் ஏற்கெனவே போய்விட்டேன்.

"டாக்டர், நீங்க இப்ப எங்க குடும்ப டாக்டருக்கு போன் பண்ணணும். என் முன்னால பேசணும். அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பல வருஷமாக அவரிடம் போய்க்கொண்டிருக்கிறேன். அவருக்குப் பூனைக்கண் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்தத் தொடரில் போன வாரம் என் கல்யாணக் கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் இன்னும் களியக்காவிளையைத் தாண்டவில்லை. அது அங்கேயே நிற்கட்டும். இந்த வாரம் எனக்குக் கல்யாணச் சாப்பாடு பற்றி எழுத மனம் வரவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் தாணு சொன்னார். "அவங்க ரெண்டு பேரும் நாளைக்கும் நமக்கு வேணும்லா?" என்றார். நோயாளிகள் எல்லோருடைய வாயையும் கட்டிப்போடுவது இந்த ஒரு வாக்கியம்தான். அதற்காகவே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் எழுதப்போவதில்லை. பயத்தினால் இல்லை. ஒரு பெயரை எழுதினால், 'ஓ, அந்த ஆளா?' என்று தப்பை அவர் ஒருவர் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் நிம்மதியாகிவிடுவீர்கள்.

வலிவு

திருவனந்தபுரத்தில் ஆஸ்துமாவுக்கு வலிவு என்று பெயர். நான் போனக்காடு எஸ்டேட்டிலிருந்து கல்லூரி படிக்க இந்த ஊருக்கு வந்த புதிது. எங்கள் ஹாஸ்டல் வார்டன் என்னைச் சுட்டிக்காட்டி இன்னொருவரிடம், "ஈ குட்டிக்கு வலிவுண்டு," என்றார். தமிழில் வலிவு என்றால் பலம். என்னைப் பலசாலி என்கிறார் என்று நினைத்து நான் பல்லைக் காட்டினேன். அன்றைக்கு மாடிப்படி ஏறி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் லயத்தில் அதற்கு இழுப்பு என்று பெயர். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். வீட்டுக்கு வீடு ஒரு சுவர்தான் நடுவில். பக்கத்து வீட்டில் யாருக்கு இழுக்கிறது என்பது எல்லோருக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இழுத்தது.

அப்பா ஃபாக்டரியில் தேயிலை சலிக்கும் இடத்தில் வேலை பார்த்தார். சாயங்காலம் வீடு வரும்போது புருவம், மூக்குத் துவாரம், காது மடல், எல்லாவற்றிலும் பழுப்புத் தூள். ஊரெல்லாம் தேயிலை மணம் என்று சுற்றுலா வருகிறவர்கள் மூச்சை இழுத்து இழுத்து ரசிப்பார்கள். அந்த மணம் என் அப்பாவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். அந்தச் சுவரில் அவர் முதுகு பட்ட இடம் எண்ணெய் இறங்கிக் கறுத்திருக்கும்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் டாக்டர் கிடையாது. ஒரு கம்பவுண்டர் இருந்தார். எதற்கும் அதே வெள்ளை மாத்திரை. முற்றிப்போனால் பஸ் பிடித்து மலையிறங்கி வித்துரா போக வேண்டும். அந்த பஸ்ஸும் வந்தால் உண்டு. ஒரு மழைக்காலக் காலையில் அம்மாவும் நானும் அப்பாவை அந்த பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அப்பா என் தோளில் சரிந்தார், பிறகு நிமிர்ந்தார். ஒரு வளைவில் சரிந்தவர் நிமிரவில்லை.

நான் அழுததைவிட ஒரு தீர்மானம் எடுத்ததுதான் அதிகம் நினைவிருக்கிறது. தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர் மேல் விழுகிற மாதிரி ஊரில்தான் இனி குடியிருப்பேன் என்று.

அப்படியே குடியிருந்தேன். கரமனையில் எங்கள் தெருமுனையில் குடும்ப டாக்டர். பஸ்ஸில் ஏறினால் சற்று நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி, அதில் நெஞ்சுக்கென்றே ஒரு நிபுணர். அப்பாவுக்கு ஒரு டாக்டரும் இல்லாததால் மூச்சு நின்றது. எனக்கு இரண்டு டாக்டர்கள் இருந்ததால் நின்றுபோகப் பார்த்தது.

பங்கு பிரித்தார்கள்

எங்கள் குடும்ப டாக்டர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். என் மகளின் அம்மையிலிருந்து தாணுவின் முதுகு வலி வரை பார்த்தவர். நோயாளிகளிடம் பழகிப் பழகி அவருடைய மலையாளத்தில் பாதி தமிழ் கலந்திருக்கும். எனக்கு இழுப்பு அதிகமானபோது, "செண்பகம், இது ஸ்பெஷலிஸ்ட் நோக்கட்டும். நெஞ்சுக் காரியம் இனி அவர் பார்த்துக்கொள்ளும்," என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

நிபுணர் இரண்டு இன்ஹேலர்கள் கொடுத்தார். ஒன்று தினமும் இழுக்க வேண்டியது. இன்னொன்று நீல நிறம், மூச்சு முட்டும்போது மட்டும். அவருடைய அறையில் நடப்பதெல்லாம் இதுதான். "எங்ஙனெயுண்டு?" எப்படி இருக்கிறது என்று கேட்பார். குறையவில்லை என்பேன். தினசரி மருந்தின் வீரியத்தை ஒரு படி கூட்டுவார். நர்ஸ் கதவைத் திறப்பாள்.

குறையாததால் நான் நீல நிறத்தையே அடிக்கடி எடுத்தேன். அடிக்கடி எடுத்ததால் கை நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். நடுக்கமும் படபடப்பும் அந்த நீல மருந்து அதிகமானால் வருபவை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. நிபுணரிடம் சொன்னேன்.

"அது ஃபேமிலி டாக்டரைக் காணிச்சால் மதி," என்றார். அவரிடம் காட்டினால் போதுமாம்.

காட்டினேன். குடும்ப டாக்டர் நாடி பிடித்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். ஒன்றுமில்லை, வயதும் டென்ஷனும்தான் என்று சொல்லி, படபடப்பு அடங்க ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். ரத்த அழுத்தத்துக்கும் தலைவலிக்கும் அதைச் சாப்பிடுகிறவர்கள் பலர். இதைப் படித்துவிட்டு யாராவது தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

படபடப்பு அடங்கியது. மூச்சு இன்னும் மோசமானது. குடும்ப டாக்டரிடம் சொன்னேன்.

"நெஞ்சுக் காரியம் ஸாரிடத்தில் சொல்லணும்."

சொன்னேன். ஸார் வீரியத்தைக் கூட்டினார். நான் நீலத்தை இன்னும் எடுத்தேன். நடுக்கம் திரும்பி வந்தது. குடும்ப டாக்டர் சின்ன மாத்திரையைக் காலையும் மாலையுமாக்கினார்.

வயலுக்கு வரப்பு போடுவதுபோல என் உடம்புக்கு நடுவே ஒரு வரப்பைப் போட்டு, நெஞ்சு அவருக்கு, படபடப்பு இவருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். இதயமும் நுரையீரலும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன என்பது டாக்டருக்குப் படிக்காத எனக்கே தெரிகிறது.

எல்லோரும் மிளகாயைச் சொன்னார்கள்

அப்போது நான் ஆரியசாலையில் ஒரு மிளகாய், மல்லி மொத்தக் கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கணக்கு அறை மாடியில். கண்ணாடிக் கதவு. லாரி வந்து மூட்டை இறக்கும் நேரம் நான் கீழே இறங்கவே மாட்டேன். வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்திருந்தும் மிளகாய் என்னை ஒன்றும் செய்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நானாகச் சம்பாதித்த ஒரே மரியாதை அந்த மாடி அறைதான். சரக்கு வாங்க வருகிற பெரிய பெரிய வியாபாரிகளும், "கணக்கம்மா என்ன சொல்லுதாங்க?" என்று என் முகம் பார்த்து நிற்பார்கள்.

"ஜோலி எந்தா?" என்று ஒரு நாள்தான் நிபுணர் கேட்டார். என்ன வேலை என்று. மிளகாய்க் கடை என்றேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். திருடனைப் பிடித்துவிட்ட போலீஸ்காரர் மாதிரி ஒரு திருப்தி முகத்தில்.

"அதுதான் காரணம். விடணும். உடனே விடணும்."

என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை.

விட்டேன். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யம்மா, உசுரு முக்கியம்லா. நீ போயி நல்லா இரு," என்றார். பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். பிரியாணி முடியும் முன்னால் இரண்டு தடவை நீல இன்ஹேலரை இழுத்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தேன். கடுகு தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். இழுப்பு நிற்கவில்லை.

துவைத்த வேட்டி

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காற்றில் தூசி இல்லை, புகை இல்லை. தாணுவின் வேட்டியை உதறிக் கொடியில் போட்டேன். அந்த உதறலோடு மூச்சு உள்ளே போக மறுத்தது.

நீலத்தை இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தேன். சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி. எப்போதும் கொஞ்சமாவது வழிவிடுகிற கதவு அன்றைக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. கத்திக் கூப்பிட வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. சத்தத்துக்கும் மூச்சு வேண்டும் என்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை. வாளியைக் காலால் உதைத்து உருட்டினேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் தாணு மேலே ஓடிவந்தார்.

ஆட்டோவில் என் முதுகைத் தடவிக்கொண்டே, "மிளகாய்க் கடைய விட்டாச்சே, பின்ன எதுக்குட்டி இப்பிடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் கேட்டாரா, கடவுளிடம் கேட்டாரா தெரியாது. துவைத்த வேட்டியில் என்ன மிளகாய் இருக்கிறது?

அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர். முகமூடி வழியாகப் புகை மருந்து, கையில் ஊசி, ஆக்ஸிஜன். என் உதட்டின் நீலம் குறையும்வரை கட்டிலை விட்டு அவர் நகரவில்லை. மூச்சு கொஞ்சம் திரும்பியதும், "வேற எந்தெங்கிலும் குளிக கழிக்குன்னுண்டோ?" என்று கேட்டார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள்.

தாணு என் பையைத் துழாவி அந்தச் சின்ன மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது ஆஸ்துமா உள்ளவங்க கழிக்கவே கூடாது, அம்மா. மூச்சுக் குழாயைச் சுருக்கும். நீங்க இழுக்குற நீல மருந்தை வேலை செய்ய விடாது." பிறகு கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். "எழுதித் தந்த டாக்டர்கிட்ட உங்களுக்கு வலிவு உண்டுன்னு சொல்லலியா?"

ஆக்ஸிஜன் முகமூடிக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எனக்கு வலிவு என்று ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பினவரே அவர்தான், அம்மா!

அங்கே கேள், இங்கே கேள்

நடக்க முடிந்ததும் முதலில் குடும்ப டாக்டரிடம் போனேன். மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஸ்பெஷலிஸ்ட் நோக்கியிருக்கணும். ஓரோ தடவையும் அவர் கேட்டிருக்கணும்."

சொல்லிவிட்டு, படபடப்புக்கு வேறொரு மாத்திரை எழுதினார்.

"இது என் மூச்சுக்கு ஒத்துக்குமா, டாக்டர்?"

"பிரச்சினை இல்லைன்னு தோணுது. எதுக்கும் ஸாரிடம் ஒண்ணு கேளு."

நான் கேட்கணுமாம். அவர் மேஜையில் டெலிபோன் இருந்தது. சட்டைப் பையில் இன்னொன்று இருந்தது.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நிபுணர் நடந்ததைக் கேட்டார். "ஒரு ஜெனரல் ப்ராக்டிஷனருக்கு இதுகூட அறியாதா?" என்று தலையை ஆட்டினார். புது மாத்திரையைக் காட்டி, "இதைச் சாப்பிடலாமா?" என்றேன்.

"அது எழுதித் தந்த ஆளோடு சோதிக்கணும்," என்றார். எழுதியவரிடம் கேட்க வேண்டுமாம். தினசரி மருந்தின் வீரியத்தை ஒரு படி கூட்டினார். நர்ஸ் கதவைத் திறந்தாள்.

அப்போதுதான் நான் எழுந்திருக்கவில்லை.

மறுபடி அந்த நாற்காலி

"சேச்சி, வெளியில் ஆளுகள் காத்துநிற்கிறார்கள்," என்று நர்ஸ் கெஞ்சினாள்.

"நிக்கட்டும்மா. அவங்களுக்காகவும்தான் உக்காந்திருக்கேன்."

தாணு கும்பிட்டார். "ஸார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. மூச்சு முட்டுனதுல இருந்து இவ இப்படித்தான்…"

"நான் முன்னாடியே இப்படி இருந்திருக்கணும். நீங்க சும்மா இருங்க," என்றேன். கல்யாணமான நாளிலிருந்து வெளி ஆட்கள் முன்னால் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் கையை இறக்கிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். போகவில்லை. அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும்.

நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டு, "ஆளோட பேரு எந்தா?" என்று கேட்டார். சொன்னேன். எத்தனையோ தடவை என் ஃபைலின் முதல் பக்கத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பெயர். அவர் புருவம் உயர்ந்தது.

"அய்யோ! கரமனையா? அவன்தானா?"

போனில் நம்பர் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"எடா, ஞானாடா!" நான்தான்டா என்கிறார்.

இருவரும் ஒரே மெடிக்கல் காலேஜ். ஒரே பேட்ச். ஒரே ஹாஸ்டல். போன மாதம் எவனோ ஒருவனின் மகள் கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சத்யை விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பாயசம் எப்படி இருந்தது என்பதிலிருந்து பேச்சு தொடங்கியது. போனுக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு, இந்தப் பக்கமும் சிரிப்பு.

பழக்கமில்லாதவர்கள் என்றால்கூட மன்னித்திருப்பேன். பக்கத்து இலையில் உட்கார்ந்து அவியல் பரிமாறிக்கொள்கிறவர்கள். 'உன் செண்பகம் எப்படி இருக்கிறாள்?' என்று ஒருவர் கேட்டிருந்தால், அப்பளம் நொறுக்குகிற நேரத்தில் என் வேலை, என் வருஷங்கள், என் உயிர், எல்லாம் மிஞ்சியிருக்கும்.

மேஜையில் உள்ளங்கையால் அடித்தேன். பேனா ஸ்டாண்ட் சாய்ந்தது.

"சிரிக்காதீங்க டாக்டர்! என் மூச்சைப் பத்திப் பேசுங்க!"

இரண்டு பக்கமும் சிரிப்பு நின்றது.

பிறகு பேசினார்கள். முதலில் இங்கிலீஷில், மெதுவாக. அப்புறம் மலையாளத்தில், வேகமாக. நான் தினமும் எத்தனை முறை நீலத்தை எடுக்கிறேன் என்பது குடும்ப டாக்டருக்குத் தெரியாது. அந்த மாத்திரையைக் காலையும் மாலையும் சாப்பிட்டது நிபுணருக்குத் தெரியாது. "நடுக்கம் அதனாலா வந்தது? எடா, நான் டென்ஷன்னு அல்லவா நினைத்தேன்," என்று ஸ்பீக்கரில் ஒரு குரல் இறங்கிப்போயிற்று. புது மாத்திரை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

போனை வைத்துவிட்டு நிபுணர் மேஜையைச் சுற்றி வந்து என் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "இன்ஹேலரை எப்படி எடுக்கிறீங்க? காணிக்கணும்," என்றார்.

காட்டினேன். அழுத்திவிட்டு, பிறகு மூச்சிழுத்தேன். மருந்து பாதிக்கு மேல் நாக்கிலேயே தங்கிவிடுகிறதாம். யாரும் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே வீரியத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அவர் என் கையைப் பிடித்து, மூச்சை இழுக்க ஆரம்பித்த பிறகு அழுத்தச் சொன்னார். அந்தத் தடவை மருந்து உள்ளே இறங்கியது எனக்கே தெரிந்தது.

அவருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

பிறகு

இழுப்பு அடங்கியது. தினசரி மருந்து படிப்படியாகக் குறைந்தது. நீலம் பைக்குள் பெரும்பாலும் தூங்குகிறது. ஆரியசாலைக்குப் போய் மறுபடி வேலை கேட்டேன். மாடி அறையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளைய எப்படிம்மா போகச் சொல்ல?" என்றார். சொல்லக் கூடாதுதான். இப்போது இரண்டு சந்து தள்ளி ஒரு பாத்திரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். கீழ்த்தளம். கண்ணாடி இல்லை. 'கணக்கம்மா' என்று யாரும் கூப்பிடுவதில்லை.

குடும்ப டாக்டரிடம் இன்னும் போகிறோம். தெருமுனையில் அவர்தானே இருக்கிறார். அன்றைக்குப் பிறகு முதல் தடவை போனபோது என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கு விஷமம் உண்டு, செண்பகம். நான் கேட்டிருக்கணும்." விஷமம் என்றால் அவர்கள் பாஷையில் வருத்தம். பிறகு பழைய டாக்டர் குரலில், "ஆனா அங்கே போய் மேஜையில் அடிச்சியாமே? தேஷ்யம் கொறைக்கணும். வலிவு உள்ளவங்களுக்குக் கோபம் நல்லதில்லை," என்றார்.

"கோபப்படுறதுக்கும் மூச்சு வேணும் டாக்டர்," என்றேன். "இப்பதான் எனக்கு இருக்கு."

பட்டையின் காற்று உஸ்ஸென்று இறங்கியது. பிரஷர் நார்மல்.